பிறகு என்றும் பொய் என்றும் ஒரு பெயர்

மாலை நான்கு மணி நாற்பது நிமிடத்துக்கு முதலாவது அழைப்பு வந்தது. அலுவலகச் சுவர் மணிக்கூடு வாங்கிய நாளிலிருந்தே ஐந்து நிமிடம் முன்னால் ஓடும். அதைப் பார்த்து, மனதுக்குள் ஐந்தைக் கழித்து, "இப்போது துளசி படியேறி வரவேணும்" என்று நான் காதைக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். படியில் சத்தமில்லை. தொலைபேசிதான் அடித்தது.

"சிஞ்ஞோரா, பஸ் எங்கே?" என்றது ஒரு பெண் குரல்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்து முடித்து, இன்றைக்கு அங்கும் இங்குமாகக் கணினி வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, "அன்ரி, உங்கட அனுபவத்தைக் கொஞ்சம் எழுதித் தாங்கோ" என்று கேட்டீர்கள். வேலையை விட்டு ஒதுங்கியவளிடம் இப்படிக் கேட்டால் தன் வெற்றிகளைத்தான் எழுதுவாள் என்று நினைத்திருப்பீர்கள். மன்னிக்கவும். நான் எழுதப்போவது ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் காணாமல்போன ஒரு மாலையைப் பற்றி. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என்னுடையவள். இன்றும் துளசி சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் நான் யன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பேன். அவள் இப்போது என்னைவிட உயரம். அது நடையைக் குறைக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. இத்தாலியின் பலேர்மோ நகரில் நம்மவர்கள் அநேகமாக வீடுகளில் வேலை செய்த காலம். நானும் இரண்டு வருடம் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஒரு இத்தாலிய அம்மணியின், வீட்டில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். கொழும்பில் கணினி படித்தவள் என்று தெரிந்ததும் அவர் தன் மைத்துனரிடம் அனுப்பிவைத்தார். மைத்துனர் முன்பு கணக்கு வாத்தியார். படித்தவருக்குக் கொடுக்கும் மரியாதையாக ஊரில் எல்லோரும் அவரை 'தொத்தோரே' என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற மத்திய ரயில் நிலையத்திலிருந்து அதிகம் தள்ளாத ஒரு மாடியில் சிறு அலுவலகம் வைத்திருந்தார். அவர், நான், சல்வோ என்ற இளைஞன், ஒரு காப்பிக் கேத்தல். இவ்வளவுதான் நிறுவனம். இவர்கள் இத்தாலியனில் கதைத்ததை நான் எங்கள் தமிழிலேயே தருகிறேன். சல்வோ யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரன் மாதிரிக் கதைத்தால் அது என் பிழை.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஒரு சின்ன பஸ் கூட்டுறவு. ஒவ்வொரு புதன்கிழமையும் பள்ளி விட்டதும் ஒரு பஸ் ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கரையோர ஊருக்கு, கடலில் பாய்மரப் படகு பழகப் போகும். மாலையில் திரும்பி வரும்போது எந்தப் பிள்ளை எங்கே இறங்க வேண்டும், யார் கையில் கொடுக்க வேண்டும் என்று சாரதிக்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுப்பது எங்கள் கணினி நிரலின் வேலை. பிள்ளைகள் என்றால் நேற்றுப் போல் இன்று இல்லை. அம்மாவுக்கு வேலை இருந்தால் பெரியம்மா வீடு. அப்பாவுக்கு லீவென்றால் பள்ளி வாசல். காலையில் தொலைபேசியில் சொல்வார்கள், கூட்டுறவில் பதிவார்கள். அந்த மாற்றங்களைப் பார்த்து 'பிறகு எங்கே' என்று சொல்லும் துண்டு நிரலை சல்வோ எழுதியிருந்தான். நிரல்காரர் மொழியில் அது ஒரு மொடியூல். அதன் பெயர் poi. இத்தாலியனில் poi என்றால் 'பிறகு'.

அந்தப் பெயரை முதன்முதலில் திரையில் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன சிரிக்கிறீங்கள்?" என்றான் சல்வோ.

"எங்கட பாஷையிலை இது பொய். இல்லாததைச் சொல்லுறது."

"அப்ப நான் எழுதினது எல்லாம் பொய்யோ?"

"நீ எழுத முந்தியே எனக்குச் சந்தேகம்."

இதை அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது. பெருமைப்படும்போது அவதானமாக இருங்கள், பிள்ளைகளே.

இனி, உங்களில் கெட்டிக்காரர்கள் கொட்டாவி விடப்போகும் பகுதி. ஒரு பந்தி பொறுத்துக்கொள்ளுங்கள், பிறகு பஸ்ஸைத் தேடலாம்.

ஒரு நிரல் இன்னொரு மொடியூலை உதவிக்குக் கூப்பிடும்போது பெயரை மட்டும்தான் சொல்லும். அது இருக்கும் இடத்தைச் சொல்லாது. எந்தெந்த ஃபோல்டரில், எந்த ஒழுங்கில் தேடுவது என்று ஒரு வரிசை இருக்கும். அதைத்தான் தேடல் பாதை என்கிறோம். முதல் ஃபோல்டரில் அந்தப் பெயர் இருந்தால் எடுத்துக்கொண்டு போய்விடும். கண்டது நாம் நினைத்ததுதானா என்று ஒருபோதும் கேட்காது. கலியாண வீட்டில் "சிவா!" என்று கூப்பிட்டு, முதலில் திரும்பிப் பார்க்கிறவனின் தலையில் வாழைக்குலையை ஏற்றிவிடுவதுபோல. அவன் மாப்பிள்ளையின் மேலதிகாரியாகக்கூட இருக்கலாம்.

எங்கள் நிரல் பைதன் மொழியில் எழுதியது. பழைய கணினியில் அலுவலகப் பொது ஃபோல்டர் முதலாவது, எங்கள் சொந்த ஃபோல்டர்கள் கடைசி என்று வரிசையைக் கணினியின் அமைப்பில் எழுதி வைத்திருந்தோம். வருடக்கணக்காக ஒரு குறையுமில்லை. பிறகு திரைகளையெல்லாம் ஜாவாவுக்கு மாற்றினோம். பைதனையும் ஜாவாவின் மேலேயே ஓட விடலாம், எல்லாம் ஒரே வீட்டுக்குள் வந்துவிடும் என்று தொத்தோரே ஆசைப்பட்டார். மொழி அதேதான், ஒரு வரி மாற்றத் தேவையில்லை. நாங்கள் தேடல் வரிசையையும் வழக்கமான இடத்தில் வழக்கம்போல் எழுதி வைத்தோம். புதிய தளமோ அந்த இடத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அதற்கென்று தனி அமைப்புக் கோப்பு. வீடு மாறிய பிறகு பழைய வீட்டுக் கதவில் 'சாவி பக்கத்து வீட்டில்' என்று எழுதி ஒட்டியதுபோல் ஆயிற்று எங்கள் வேலை. அது பிழை என்று ஒரு எழுத்துக்கூடத் திரையில் வரவில்லை. பிழை காட்டியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

முதலில் ஒரே ஒரு பஸ்ஸுக்கு மட்டும் புதிய தளத்தில் ஓட விடுவது என்று முடிவு. எந்த பஸ்? "உங்கடை மகள் போற பஸ்ஸையே எடுப்பம், நீங்கள் நித்திரை கொள்ளாமல் வேலை செய்வீங்கள்" என்றான் சல்வோ. அப்படித்தான் செய்தேன். கூட்டுறவுக் கணினியில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தோம். அந்தப் புதன் காலை, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றும் தாள் அழகாக அச்சாகி வந்தது. காலைத் தாளில் 'பிறகு' இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை.

முதல் அழைப்புக்கு, "தெருவில் நெரிசலாக இருக்கும் சிஞ்ஞோரா" என்று பதில் சொன்னேன். வைத்த கையோடு இரண்டாவது. பிறகு மூன்றாவது. வெவ்வேறு நிறுத்தங்களில் நிற்கும் அம்மாக்கள். எங்கள் இலக்கம் எப்படிக் கிடைத்தது என்றால், கூட்டுறவின் தொலைபேசி ஓயாமல் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது. சாரதிக்கென்று ஒரு செல்ஃபோன் வாங்கியிருந்தார்கள். விலை அதிகமான சாமான், பழுதாகிவிடும் என்று மேசை லாச்சியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

என் கணவருக்கு அடித்தேன். அவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் வேலை.

"இஞ்சாருங்கோ, பஸ் அங்கை இருந்து வெளிக்கிட்டிட்டுதோ?"

"ஓம், எப்பவோ. வாசலிலை நிண்டு துளசிக்குக் கை காட்டினனான். அவ வழக்கம்போல என்னைத் தெரியாத மாதிரி இருந்தவ. ஏன்?"

"இன்னும் வந்து சேரேல்லை. ஒரு இடத்துக்கும் போகேல்லையாம்."

அந்தப் பக்கத்தில் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"இஞ்சேரும், நீர் பதறாதையும்."

"நான் ஒண்டும் கதைக்கேல்லையே."

"நீர் கதைக்காட்டித்தான் எனக்குப் பயம். நான் வெளிக்கிட்டு வாறன்."

"வராதேங்கோ. வந்தால் தேடுறதுக்கு இன்னும் ஒராள் கூடும். அங்கை ஃபோனுக்குப் பக்கத்திலை நில்லுங்கோ."

தைரியமாகத்தான் சொன்னேன். வைத்த பிறகு படியில் சத்தம் கேட்கிறதா என்று மறுபடி காதைக் கொடுத்தேன்.

தொத்தோரேக்கு மனக் குழப்பம் வந்தால் கதவுகளைத் திறந்து மூடுவார். இருந்த இரண்டு கதவையும் முடித்துவிட்டு அலுமாரிக்கு வந்திருந்தார். சல்வோ தன் மேசையில் நிரலை ஓட்டிப் பார்த்தான். தாள் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் நிறுத்தம், அவரவர் ஆள். துளசிக்கு நேரே எங்கள் அலுவலக வாசல், என் பெயர்.

"சரியாய் வருதே!" என்றான். "எங்கட பக்கம் பிழை இல்லை. டிரைவர் எங்கையோ படுத்திட்டான்."

பிள்ளைகளே, நீங்களும் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே இந்த வசனத்தைச் சொல்லியிருப்பீர்கள். 'என் மேசையில் சரியாக வருகிறதே.' சொல்லாதவர்கள் இருந்தால் அடுத்த கிழமை சொல்வீர்கள். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு ஒளி வரும். சல்வோவுக்கும் வந்தது.

"ஒருவேளை புதுசிலை ஏதும் கோளாறெண்டால், நான் இப்பவே எல்லாத்தையும் பழைய மாதிரி மாத்திவிடுறன்" என்று விசைப்பலகையை இழுத்தான். தொத்தோரேயும் தலையாட்டினார். நானும் ஆட்டியிருப்பேன். பயந்த மனிதனின் கை எதையாவது திருத்தத்தான் துடிக்கும். அப்போது மறுபடி மணி அடித்தது. அதே முதல் பெண்.

"சிஞ்ஞோரா, உங்கள் தாளில் என் மகனுக்கு என்ன இருக்கிறது?"

சல்வோவின் தாளைப் பார்த்து, அவர் நிற்கும் நிறுத்தத்தின் பெயரையே வாசித்தேன். "சரியாகத்தான் இருக்கிறது" என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் பலேர்மோச் சந்தைக் குரலில் கத்தினார். "சரியான இடத்திலை நான் நிக்கிறன்! சரியானது எனக்கு வேண்டாம்! நீங்கள் அவனை எங்கை அனுப்பினீங்கள் எண்டு சொல்லுங்கோ!"

எத்தனையோ பயிற்சிக்குப் போயிருக்கிறேன், தடித்த புத்தகங்கள் படித்திருக்கிறேன். நிரலில் பிழை தேடுவது பற்றி எனக்குக் கிடைத்த உருப்படியான பாடம் அதுதான். சாரதி கையில் இருப்பது சரியான பதிலோ பிழையான பதிலோ, பஸ் அதன்படிதான் போயிருக்கிறது. திருத்திவிட்டால் எங்களுக்கு அழகான தாள் ஒன்று கிடைக்கும், பஸ் எங்கே என்ற ஒரே தடயமும் அழிந்துபோகும். அந்த நேரத்தில் எங்களுக்குத் தேவைப்பட்டது அந்தப் பிழைதான். சாரதிக்குக் கிடைத்த அதே பிழை, எழுத்துப் பிசகாமல்.

"சல்வோ, கையை எடு!" என்றேன்.

எடுத்துவிட்டான். அவனுக்கு நான் இஸ்திரிப் பெட்டி பிடித்த காலம் தெரியும்.

கூட்டுறவில் ஏற்றியதன் நகல் அடுத்த மேசைக் கணினியில் அப்படியே இருந்தது. அதை அவர்கள் எந்த இடத்திலிருந்து ஓட்டுவார்களோ அதே இடத்திலிருந்து, அவர்கள் அழுத்தும் அதே ஐகனை அழுத்தி ஓட்டினேன். அச்சு இயந்திரம் கொஞ்ச நேரம் முனகிவிட்டுத் தாளைத் தள்ளியது.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பதில். இறக்கும் இடம்: ஸ்தாசியோனே சென்ட்ராலே. பொறுப்பேற்பவர்: MAMA.

"எந்த மம்மா?" என்றார் தொத்தோரே. "எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மம்மாவோ?"

எனக்கு அது யார் என்று தெரியும். ஒரே வரியில் நிரலைக் கேட்டேன்: poi-ஐ எங்கிருந்து எடுத்தாய்? திரையில் வந்த பதிலில் இருந்தது என் ஃபோல்டர்.

கதை இதுதான். மாதங்களுக்கு முன், உண்மையான தொலைபேசி மாற்றங்களைத் தொடாமல் நிரலைச் சோதிக்க எனக்கு ஒரு போலி மொடியூல் தேவைப்பட்டது. சல்வோவினுடையதற்குப் பதிலாக நிற்க வேண்டுமென்றால் அதே பெயர்தான் வைக்க வேண்டும். வைத்தேன், poi என்று. யாரைக் கேட்டாலும் ஒரே இடத்தையும் ஒரே ஆளையும் சொல்லும் ஒரு சோம்பேறி மொடியூல். ஒரு இத்தாலியன் இதை எழுதியிருந்தால், தலையில் 'இது பொய், தொடாதே' என்று எச்சரிக்கை போட்டிருப்பான். நான் போடவில்லை. என் கண்ணுக்குப் பெயரிலேயே பொய் என்று எழுதியிருந்ததே! ஒவ்வொரு முறை அந்த ஃபோல்டரைத் திறக்கும்போதும் 'பொய் இங்கே இருக்கிறது' என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பழைய கணினியில் பொது ஃபோல்டர் முதலில் வந்ததால் என் பொய்க்கு வேலை வரவில்லை. புதிய தளம், நிரல் நிற்கும் ஃபோல்டரை முதலில் பார்த்தது. கூட்டுறவில் நாங்கள் ஏற்றியதில் அது நின்றதோ என் ஃபோல்டரில். சல்வோவின் மேசையில் அது அவனுடைய ஃபோல்டரில் நின்றதால் அவனுக்கு உண்மையான poi கிடைத்தது.

சல்வோ தன் தலையில் கை வைத்தான். "ஏத்தினாப் பிறகு நான் பார்த்தனான், சிஞ்ஞோரா. poi இருக்குதோ எண்டுதான் முதல் பார்த்தது. இருந்தது. நான் சந்தோசமாய்ப் போய்க் காப்பி குடிச்சன்."

அவன் அதைப் 'பிறகு' என்று வாசித்தான். நான் 'பொய்' என்று வாசித்தேன். இரண்டு பேரும் அவரவர் மொழியில் பிழையில்லாமல் வாசித்ததால்தான் பஸ் காணாமல்போனது.

MAMA என்று போட்டதற்குப் பெரிய காரணம் இல்லை. அந்தப் போலியை எழுதிய மத்தியானம், நிலையத்துக்குக் கிட்ட உள்ள பல்லரோச் சந்தையில் நம்மவர் ஒருவரின் கடையில் வாங்கிய, உறைப்புக் கறி சுற்றிப் பொரித்த ரோல்ஸைக் கடித்துக்கொண்டிருந்தேன். மரக்கறி, மிளகாய்த்தூள், தொலைபேசி அட்டை எல்லாம் விற்பவர். நம் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அவர் மாமா. ஒரு பெயர் தேவைப்பட்டது, கையில் இருந்தது ரோல்ஸ், ஆகவே மாமா. இத்தாலியருக்கு அது அம்மாவாகத்தான் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். ஏனென்றால் இத்தாலியனில் அம்மாவுக்கு mamma என்று நடுவே இரண்டு m வரும். பள்ளிக்கு நான் எழுதும் ஒவ்வொரு குறிப்பிலும் ஒன்றை விழுங்கிவிடுவேன், ஆசிரியை சிவப்பு மையால் சேர்த்து அனுப்புவார். இந்த இரட்டை எழுத்துக்கு அவர்கள் 'தொப்பியா' என்பார்கள். துளசி முதன்முறை "அம்மா, தொப்பியா!" என்று அதட்டியபோது நான் அலுமாரியில் தொப்பி தேடினேன். இதை அவள் இன்றுவரை யாரைக் கண்டாலும் சொல்கிறாள்.

"ஸ்தாசியோனேக்குப் போறன்" என்று எழுந்தேன்.

"நான் அம்மாக்களுக்குச் சொல்லட்டோ?" என்றார் தொத்தோரே.

"முதலிலை நான் பார்க்கிறன். அங்கையும் இல்லையெண்டால், இருக்கிறவையளையும் பிழையான இடத்துக்கு அனுப்பினதாய்ப் போயிடும். அங்கை போய் பூத்திலை இருந்து அடிக்கிறன்."

"ஓம், ஓம். வாய் திறக்க மாட்டன்."

சல்வோவின் மோட்டோரினோ ஸ்கூட்டரில் பின்னால் ஏறினேன். சாதாரண நாளில் அந்தப் பயல் ஓட்டும் வண்டியில் நான் ஏற மாட்டேன். அன்று "வேகமாய்ப் போ" என்று முதுகில் தட்டினேன். வழியெல்லாம் என் தலைக்குள் ஒரே கணக்கு. அம்மா நிற்பாள் என்று தாள் சொல்கிறது. ஒரு அம்மாவும் நிற்கமாட்டாள். சாரதி எவ்வளவு நேரம் பார்ப்பான்? இறக்கிவிட்டுப் போய்விட்டால்? ரயில்கள் வந்து போகிற இடம். ஆயிரம் பேர் நடக்கிற வாசல். துளசிக்கு நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்: நான் பெயர் சொன்ன ஆளோடு தவிர ஒருத்தரோடும் போகக்கூடாது. தாளில் நான் பெயர் சொல்லிவிட்டேனே என்பது அப்போது எனக்கு எட்டவில்லை.

நிலையச் சதுக்கத்துக்குப் போனால், தொத்தோரே வாய் திறக்காத அழகு தெரிந்தது. அம்மாக்கள், அப்பாக்கள், ஒரு பெரியப்பா, ஒரு நாய். எல்லோரும் எங்களுக்கு முந்தியே வந்து நின்றார்கள். அவர் ஒருவருக்கு மட்டும்தான் சொன்னாராம். அதுவும் அந்தச் சந்தைக் குரல் அம்மாவுக்கு.

பஸ் நின்றது. மரத்தடியில், ஒழுங்காக, கதவு பூட்டி.

உள்ளே ஒருவருமில்லை.

சல்வோ கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். இருக்கைகளில் ஈரத் துவாய்கள் கிடந்தன. துளசியின் மஞ்சள் துவாய் பின்னுக்கு இருந்தது. சாரதியின் இருக்கைக்கு முன்னால் தாள், நிறையப் பெயர், நிறைய MAMA. சந்தைக் குரல் அம்மா அதை வெளியிலிருந்தே விரல் வைத்து வாசித்தார். "மம்மா, மம்மா, மம்மா... எல்லா மம்மாவும் இஞ்சை நிக்கிறம்! பிள்ளையள் எங்கை?" என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். கணினி ஆள் நான்தான் என்று சல்வோ அப்போதுதான் விளக்கியிருந்தான், நல்ல நேரம் பார்த்து.

நான் அந்த மஞ்சள் துவாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் பேப்பர் விற்பவர்தான் கடைசியில் கையை நீட்டிக் காட்டினார். "பிள்ளையளோ? ஒருத்தற்றை பையை ஒருத்தர் பிடிச்சுக்கொண்டு ரயில் மாதிரி அந்தப் பக்கம் போனவை. முன்னுக்கு ஒரு கறுத்தப் பெட்டை. டிரைவர் கடைசிப் பெட்டி."

அவர் காட்டியது பல்லரோப் பக்கம்.

கால் ஓடத் தயாராவதற்குள் சத்தம் வந்துவிட்டது. தெருத் திருப்பத்துக்கு அப்பாலிருந்து, பலேர்மோப் பிள்ளைகளின் தொண்டையெல்லாம் சேர்ந்து, சந்தையில் மீன் விற்பதுபோல், "மா-மா! மா-மா!" என்று தாளம் போட்டுக்கொண்டு. பிறகு ரயில் வந்தது. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் பாதி கடித்த ரோல்ஸ். உறைப்பில் மூக்கு வடிகிறவர்கள் பாதி, இன்னொன்று கேட்கிறவர்கள் மீதி. கடைசியில் சாரதி, இரண்டு தோளிலும் பைகள், வாயில் ரோல்ஸ். அம்மாக்கள் ஓடிப்போய் அவரவர் பெட்டியைக் கழற்றினார்கள்.

துளசி என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, அழுறீங்களோ?"

"இல்லை. தூசி."

"அந்தத் தாள் நீங்கள்தானே அடிச்சது?"

"ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லேல்லை. டிரைவர் தாளை வைச்சுக்கொண்டு மம்மா வருவா, மம்மா வருவா எண்டு நெடுக நிண்டவர். ஒருத்தரும் வரேல்லை. எல்லாருக்கும் பசி. நான் வாங்கிப் பார்த்தன். நடுவிலை ஒரு m தான் கிடக்குது. தொப்பியா இல்லை. தொப்பியா இல்லாமல் எழுதுறது என்ரை அம்மாதான், அவ எழுதினால் அது மம்மா இல்லை, மாமா எண்டு சொன்னன். மாமாவை எனக்குத் தெரியும், கடை கிட்டத்தான், வாங்கோ எண்டு கூட்டிக்கொண்டு போனன். நீங்கள் பேர் சொன்ன ஆளோடை போகலாம்தானே?"

கணினியின் தேடல் பாதையை ஒழுங்குபடுத்த நாங்கள் மூன்று பேர் ஒரு மாதம் இருந்தோம். அவள் தன்னுடைய வரிசையில் முதல் இருந்த மாமாவை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். எனக்கு அவள் தலையைத் தடவுவதா, காதைத் திருகுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

மற்றவைகளை நீங்களே ஊகித்திருப்பீர்கள். அடுத்த நாளே தேடல் வரிசையைப் புதிய தளம் படிக்கும் இடத்தில் எழுதினோம். போலி மொடியூல்களுக்கெல்லாம் இத்தாலியன், ஆங்கிலம், தமிழ் என்று மூன்று மொழியிலும் 'போலி' என்று தலைப்புப் போட்டோம். எதையும் ஓட்டத் தொடங்கும்போது ஒவ்வொன்றையும் எங்கிருந்து எடுத்தது என்று ஒரு வரி அச்சிட வைத்தோம். இவை பழகிவிடும். பழகாதது, எல்லோரும் 'திருத்து, திருத்து' என்று நிற்கையில் கையைக் கட்டிக்கொண்டு, அந்தப் பிழை என்ன சொன்னது என்று முதலில் கேட்பது. எனக்கு அதைப் படிப்பித்தது முகம் தெரியாத ஒரு அம்மாவின் கத்தல். உங்களுக்கு இவ்வளவு சத்தமில்லாமல் கிடைக்கட்டும்.

எல்லோருக்கும் பின்னால், கடையைப் பூட்டிவிட்டு, மிளகாய்த்தூள் பட்ட கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு மாமா வந்து சேர்ந்தார். ஒரு கையில் மீதி ரோல்ஸ் பை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"பிள்ளை," என்றார், "ஒரு பஸ் பிள்ளையள் கடை வாசலிலை வந்து நிண்டு, 'மாமா எண்டுறது நீங்கள்தானோ?' எண்டு கேக்குதுகள். தாளிலையும் அடிச்சுக் கிடக்குதாம். பிறகு நான் எப்பிடி இல்லையெண்டு பொய் சொல்லுறது?"